கிரேலிங் மாளிகையில் பாடம் நடக்கிறதா?

வாய் நிறையச் சிங்கி இறாலோடு பிடிபட்ட ஆளுக்காக வாதாட எந்த வக்கீல் வருவார்? ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஆர்லன் டிபெட்ஸ் தனக்குத் தானே வாதாடினான்.

வெதர்லி பல்கலைக்கழகத்துக்கு அள்ளிக் கொடுக்கிற பெரிய மனிதர்களுக்கு கிரேலிங் மாளிகையில் விருந்து. அழைப்பில்லாமல் உள்ளே புகுந்தவன், முதலில் மாடி ஏறி அறை அறையாகப் போட்டோ எடுத்திருக்கிறான். பிறகு கீழே வந்து, கூச்சமே இல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கொள்ளையடிக்க நோட்டம் விட்டிருக்கிறான் என்று ஊரே பேசியது. அத்துமீறி நுழைந்தது உறுதியானால் ஆறு மாதம் உள்ளே.

நீதிமன்றக் கூரை ஒழுகியது. நீதிபதி ஹெஸ்டர் குயின்பியின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு வாளி. சரிசெய்ய நகராட்சியிடம் காசு ஏது? ஊரில் பாதி வெதர்லிக்குச் சொந்தம். பாடம் நடக்கும் கட்டடத்துக்குச் சொத்து வரி கிடையாது. அதற்குப் பதிலாக, எந்த வகுப்பிலும் ஊர்க்காரர்கள் போய் உட்காரலாம் என்று பழைய ஒப்பந்தம் ஒன்று உண்டு. யாரும் போய் உட்கார்ந்ததில்லை, அது வேறு விஷயம்.

டிபெட்ஸ் அதைத்தான் பிடித்துக்கொண்டான்.

"பல்கலைக்கழகக் கட்டடம்தானே, வகுப்பு நடக்குதுன்னு நெனச்சுப் போனேன்மா."

"வகுப்புல இறால் குடுப்பாங்களா?" என்றார் நீதிபதி.

"அவங்க வாங்குற ஃபீஸுக்குக் குடுக்கலாம்."

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு சாட்சிக் கூண்டின் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் விங்கேட், அங்க பாடம் நடக்குதுன்னா இவர் போனது தப்பில்ல, கேஸ் நிக்காது. நீங்க என்ன சொல்றீங்க?"

பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை திரட்டும் அதிகாரி தியடோர் விங்கேட்டுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கடைசி வரிசையில் இரண்டு பெரிய நன்கொடையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்டவனும் வந்துபோகிற இடம் என்று ஆகிவிட்டால் அவர்கள் இனி பர்ஸைத் திறப்பார்களா?

"கிரேலிங்ல பாடமா? ஒரு மாணவன்கூட வாசப்படி மிதிச்சதில்ல. கீழ விருந்து நடக்கும். மாடியில விருந்தாளிங்க தங்குவாங்க. மத்த நாள்ல கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவோம். அவ்வளவுதான்."

"ஒரு கரும்பலகைகூடவா இல்ல, சார்?" டிபெட்ஸ் பாவமாகக் கேட்டான்.

"ஒண்ணுகூட இல்ல."

"நிச்சயமா?"

"சத்தியப் பிரமாணம் எடுத்துட்டுத்தானய்யா நிக்கிறேன்."

குற்றம் உறுதியானது. முதல் தடவை என்பதால் சிறை வேண்டாம், இருநூறு டாலர் அபராதம் போதும் என்றார் குயின்பி. விங்கேட் கடைசி வரிசையைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார்.

டிபெட்ஸ் முகம் வாடாமல் அபராதத்தைக் கட்டினான். "விங்கேட் சார் சொன்ன சாட்சியம் இருக்கே, அதுக்கு முத்திரை போட்ட நகல் ஒண்ணு வேணும்" என்றான்.

"உங்களுக்கு எதுக்கு அது? என்ன வேலை பாக்கறீங்க?" என்று குமாஸ்தா கேட்டாள்.

டிபெட்ஸ் ஒழுகும் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:

"போன வாரம்தான் சேர்ந்தேன். நகராட்சியில சொத்து வரி போடுற அதிகாரி."