பகல் தூக்கம்

மணிராஜுக்கு நூல் மில்லில் எப்போதும் இரவு ஷிப்டுதான். காலையில் வீட்டுக்கு வந்து படுத்தாலும் தூக்கம் வராது. கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் முகத்தில் அடிக்கும். டிவியும் மிக்ஸியும் ஓடிக்கொண்டே இருக்கும்.

"ஒரு திரையாவது போடேன், செல்வி. கண்ணு எரியுது."

"அடுத்த மாசம் பாப்போம்" என்பாள் மனைவி இசக்கிச்செல்வி.

ஒரு நாள் காலை வேலை முடிந்து வரும்போது பைக்கிலேயே கண்ணயர்ந்துவிட்டான். பைபாஸ் ரோட்டில் நின்றிருந்த லாரியில் மோதி அங்கேயே உயிர் போய்விட்டது.

கருமாதி முடிந்ததும் செல்வி ஜன்னலுக்குக் கறுப்புத் திரை தைத்துப் போட்டாள். டிவியை அக்காள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். கட்டிலில் துவைத்த விரிப்பை விரித்துக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை அறைக்குள்ளிருந்து குறட்டை கேட்டது. திறந்து பார்த்தாள். யாரும் இல்லை. சாத்தியதும் மறுபடி கேட்டது. அதற்குப் பிறகு காலை நேரத்தில் அவள் அந்தக் கதவைத் திறப்பதில்லை.

நேற்று காலை, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் உறைமோர் கேட்டு வந்தாள். உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணனுக்கு நைட் ஷிப்டாக்கா? நல்லா அசந்து தூங்குதாவளே."

"ஆமாம்மா. இப்பதான் அவியளுக்கு நல்ல தூக்கம்."

அந்தப் பெண் போனதும் செல்வி அடுப்படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உள்ளே குறட்டை நின்றது. யாரோ புரண்டு படுப்பதுபோலக் கட்டில் கிரீச்சிட்டது.

அவள் அழுகையை நிறுத்திக்கொண்டாள்.