மேனேஜர் குடிக்கிற தண்ணீர்

ஷார்ஜாவில் பதினோரு வருடம் கழிவுநீர் நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அதே வேலைக்கு வந்தேன். கழிவுநீரில் கலந்த மருந்துகளைச் சிதைக்க இங்கே புற ஊதா விளக்குகள் இருந்தன. ஆய்வுக்கு ஆள் வந்தால்தான் மேனேஜர் இனியவன் அவற்றைப் போடுவார். கரண்டு மிச்சமாம். பரிசோதனைக்கு அனுப்பும் பாட்டிலில் தான் குடிக்கும் கேன் தண்ணீரை நிரப்புவார். மகா கெட்டிக்காரர்.

மார்ச் அறிக்கையில், அந்தக் கேன் தண்ணீரில் வலிப்பு மாத்திரை மருந்து கலந்திருப்பதாக வந்தது. கேன் கடையை மாற்றினார். ஏப்ரலில் இரண்டு மடங்கு. பூதலூரிலுள்ள தன் வீட்டு போர் தண்ணீரைக் கொண்டுவந்தார். மூன்று மடங்கு.

"உங்க வீட்ல அந்த மாத்திரை யாருக்கு சார்?" என்றேன்.

"என் சம்சாரத்துக்கு. நான்தான் வாங்கித் தராம நிறுத்திட்டேன். அவ போய்ச் சேந்து ஆறு வருசமாச்சு, பாய்."

ஜூனில் வாய்க்காலில் விழும் கழிவுநீரை நானே பிடித்து அனுப்பினேன். ஆஸ்பத்திரி மருந்து அத்தனையும் அதில் இருந்தது. அந்த மாத்திரை மட்டும் இல்லை.

மேனேஜர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். மேஜைமேல் இருந்த கேனைத் தள்ளிவைத்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு இறங்கிப் போனார்.