செம்பருத்திச் சாலை, பதினாலாம் நம்பர்

அவர் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

"அட்ரஸ் சொல்லுங்க."

"செம்பருத்திச் சாலை. பதினாலாம் நம்பர். நெஞ்சு வலி."

வைத்துவிட்டார்.

பதினொன்று இருபது.

பொய் சொல்லி ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது எவ்வளவு பெரிய தப்பு என்று அவருக்குத் தெரியாதா என்ன? எழுபத்திரண்டு வயது. இதுவரை ஒருவரையும் வீணாக அலைக்கழித்ததில்லை. ஆனால் பதினோரு மாதமாகக் கண்ணை மூட முடியாத மனிதர் எதையும் செய்வார்.

கதவுக்கு மேலே நீலத் தகடு. காலையில்தான் நகராட்சி ஆள் வந்து திருகிவிட்டுப் போனான்.

கரீபியன் கடலில் உள்ளங்கையளவு தீவு. அதற்கு ஒரு நகராட்சி. மலைப்பக்கத்துக் கிராமங்களின் சாலைகளுக்கும் பெயர் வேண்டும், வீடுகளுக்கு நம்பர் வேண்டும் என்ற ஞானம் அதற்கு இப்போதுதான் பிறந்திருக்கிறது. செம்பருத்தியாம்! இந்தச் சாலையில் பேருக்குக்கூட ஒரு செம்பருத்திச் செடி கிடையாது.

முன்பெல்லாம் யாருக்குப் பெயர் தேவைப்பட்டது? கரும்பு வெட்டக் காரைக்காலில் கப்பலேறி வந்தவர்களின் வம்சம் பாதி, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களின் வம்சம் பாதி, இரண்டும் கலந்தது மீதி. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வழி கேட்டால் இல்லாததை வைத்துத்தான் சொல்வார்கள். எரிந்துபோன ஆலையைத் தாண்டு. செத்துப்போன தையல்காரி வீட்டுக்குக் கீழே இறங்கு. கேட்டவனும் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடுவான்.

பதினோரு மாதத்துக்கு முன்பு அவரும் அப்படித்தான் சொன்னார்.

அவர் மனைவி ஒதில் சமையலறைத் தரையில் கிடந்தாள். நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள். முகமெல்லாம் வியர்வை. அவர் போனில் கத்தினார்: "சீமைப்பலா மரத்துக்கிட்ட இடது பக்கம் திரும்புங்க!"

அந்த மரம் ஆறு வருடத்துக்கு முந்தைய புயலிலேயே வேரோடு சாய்ந்துவிட்டது. அவரே அறுத்து அடுப்பெரித்தார். ஆனாலும் அந்த முனைக்கு இன்னமும் சீமைப்பலாதான்.

ஊர்க்காரர்களுக்கு.

ஆம்புலன்ஸ் ஓட்டுபவன் பக்கத்துத் தீவிலிருந்து வேலைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மரத்தைத் தேடினான். தேடினால் கிடைக்காமலா போகும்? ஓடைக்கு அந்தப் பக்கம், வேறொரு சாலையில், செழிப்பாக ஒன்று நின்றது. அங்கே இடது பக்கம் திரும்பினான்.

சைரன் சத்தம் அவருக்குக் கேட்டது. வந்துவிட்டார்கள் என்று ஒதிலிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். அப்புறம்தான் சத்தம் ஓடைக்கு அப்பாலிருந்து வருகிறது என்று புரிந்தது. ஓடிப்போய்க் கத்தலாம். ஆனால் அவள் கை அவர் கையைப் பிடித்திருந்தது.

வண்டி வாசலுக்கு வர நாற்பத்தேழு நிமிடம்.

ஒதில் நாற்பது நிமிடம் வரைக்கும் இருந்தாள்.

"அவ நேரம் வந்துருச்சு. ஒரு வண்டி இல்ல, பத்து வண்டி வந்திருந்தாலும் தாங்கியிருக்க மாட்டா," என்றாள் பக்கத்து வீட்டு மர்செலின். ஊரே அதைத்தான் சொன்னது. அவர் எல்லோருக்கும் தலையாட்டினார். உள்ளே ஒன்றே ஒன்றுதான் அரித்துக்கொண்டிருந்தது. ஒழுங்காக வழி சொல்லியிருந்தால்? என் வாய்தான் அவளைக் கொன்றதா?

இன்றைக்குத் தெரிந்துவிடும்.

சைரன் சத்தம் கீழே கேட்டது.

அவருக்கு நெஞ்சு நிஜமாகவே அடித்துக்கொண்டது. வராதே என்று வேண்டிக்கொண்டார். சாலை தப்பிப் போ. எங்கேயாவது சுற்று. ஒரு மணி நேரம் கழித்து வா, புண்ணியமாகப் போகும்.

வந்து நின்றது.

பதினொன்று இருபத்தொன்பது.

பையோடு இறங்கி ஓடி வந்தவன் அன்றைக்கு வந்தவனேதான். "யாருக்கு ஐயா? உள்ள இருக்காங்களா?"

அவர் கடிகாரத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். தகட்டைப் பார்த்தான். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

திட்டுவான் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. அவன் வயர்லெஸ்ஸை எடுத்து, "இங்க ஒண்ணும் இல்ல, வண்டி காலிதான்," என்று சொல்லிவிட்டுப் பையைக் கீழே வைத்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒம்பதே நிமிஷம், தம்பி," என்றார். "பொழைச்சிருப்பா, இல்ல?"

அவன் சாலையைப் பார்த்தான்.

"ஐயா, அன்னைக்கு என்ன மழை!" என்றான். "பாலத்து மேல இடுப்பளவு தண்ணி. நீங்க எப்படி வழி சொல்லியிருந்தாலும் நான் வந்திருக்க முடியாது. தண்ணி வடியட்டும்னுதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

அவர் திரும்பி அவனைப் பார்த்தார். அவனும் அவர் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவே இல்லை.

ஒதில் போனது கரும்பு வெட்டுகிற மாதம். மூன்று மாதமாக வானம் ஒரு சொட்டுப் போடவில்லை. ஓடையில் கல்தான் கிடந்தது. அன்று காலைகூட ஒதில் தண்ணீர் லாரிக்காக வாளியோடு வெயிலில் காத்து நின்றாள்.

"ஆமா தம்பி," என்றார். "பேய் மழை."