இறக்கைக்குள் உட்கார்ந்தவள்

காற்றாலை இறக்கையின் இரண்டு பாதிகளையும் பசை வைத்து ஒட்டிக் காயவிட்ட பிறகு, சோதிக்க உள்ளே தவழ்ந்து போவது செல்வகனியின் வேலை. ஒட்டு நெடுகச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனாள். முதுகு மேலே இடிக்கிற அளவுக்கு ஒடுங்கிய இடத்தில், அதுவரை டங்கென்று கேட்ட சத்தம் பொத்தென்று கேட்டது.

“சார், இங்க பசை பிடிக்கல. துளை போட்டுப் பசை ஏத்தணும்.”

இறக்கையின் வாய்ப்பக்கம் வெளியே நின்ற சூப்பர்வைசர் அருள்தாஸ் கத்தினார்: “லாரி நிக்குது பிள்ள. எல்லாம் சரின்னு கையெழுத்தப் போட்டுட்டு வெளிய வா.”

“போட மாட்டேன். மேல சுத்தும்போது பிளந்துச்சுன்னா நீங்க போய்ப் பிடிப்பீங்களா?”

“படிச்ச திமிரு!”

“எங்க குடும்பத்துலயே நான்தான் சார் மொதல்ல படிச்சேன். அந்தத் திமிரக் காட்ட வேற ஆளும் இல்ல.”

“வேற ஆள்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிடுதேன்.”

“வாங்குங்க. என்னையும் சேத்தே லாரில ஏத்துங்க.”

காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தாள். வெளிவெயில் இறக்கையின் சுவரில் ஊறி, உள்ளே இளம்பச்சையாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூடவே வந்த எரிச்சலைத் தேடிப் பார்த்தாள். காணவில்லை. இங்கேயே ஒரு தூக்கம் போடலாம் போலிருந்தது.

முழங்கால் உரசும் சத்தம் கேட்டது. தொந்தியை இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க அருள்தாஸ் வந்துகொண்டிருந்தார்.

“எங்க, தட்டிக் காட்டு.”

அவள் சுத்தியலை நீட்டினாள். அவரே தட்டினார். காதை வைத்து மறுபடி தட்டினார். பிறகு அவளிடம் மார்க்கரை வாங்கி, அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார், அவள் நினைத்திருந்ததைவிடப் பெரிதாக.