சீனி முடிச்சு

"சீனியத் திருடுதா சார் அவ!"

சாப்பாட்டு மணி அடித்ததும் லேபர் ஆபீசர் ஐயாதுரையின் அறைக்குள் ஏழெட்டுப் பெண்கள் நுழைந்துவிட்டார்கள். எல்லாரும் ராஜபாளையத்து மில்லில் நூல் ஓட்டுகிறவர்கள். பேசியது கருத்தம்மா.

"யாரும்மா?"

"பிள்ளைக் காப்பகத்துக்குப் புதுசா வந்திருக்காளே ஆயா, வேலுத்தாயி. அவதான். தினம் ஒரு பொட்டலம் ரேசன் சீனி குடுத்துவிடுதோம். துணியில முடிஞ்சு வாயில வச்சா, பிள்ளை சப்பிக்கிட்டே தூங்கிரும். இவ வச்சாத்தான? மிசின் சத்தத்தையும் மீறி அழுகை கேக்குது சார். பெத்த வயிறு பதறுது."

"பரிபூரணம் அக்கா இருக்கையில ஒரு பிள்ளை வாயத் தொறந்திருக்குமா?" என்றாள் இன்னொருத்தி.

அது உண்மைதான். முந்தைய ஆயா பரிபூரணம் காலத்தில் காப்பகம் அவ்வளவு அமைதி. முதலாளி விருந்தாளிகளைக் கூட்டி வந்து காட்டுவார்.

ஐயாதுரை எழுந்து போனார். பெண்களும் பின்னாலேயே போனார்கள்.

பதினோரு பிள்ளைகளில் ஒன்பது அழுதுகொண்டிருந்தன. மீதி இரண்டும் அழுது முடித்திருந்தன. வேலுத்தாய் ஒன்றை மடியில் கிடத்தி, ஈரத்துணியை விரலில் சுற்றி அதன் பல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சீனி எங்கம்மா?"

"வெளிய கொட்டிட்டேன்யா. எறும்புக்கு."

"ஏட்டி! கால் கடுக்க நின்னு வாங்குன சீனி! எம்புட்டுக் கொழுப்பு ஒனக்கு?" என்று ஒருத்தி கத்தினாள்.

"எறும்புக்குப் பல்லு சொத்தையாகாதுல்லா."



"பால்பல்லுதான? விழுந்தா மொளைச்சிட்டுப் போகுது" என்றாள் கருத்தம்மா.

ஐயாதுரை வேலுத்தாய் பக்கம் திரும்பினார். "பிள்ளைக அழாமப் பாத்துக்கத்தான் ஆயா. ஒனக்கு அது தெரியல. நாளையிலருந்து வரவேண்டாம். பரிபூரணத்தையே கூப்பிட்டுக்கிடுதேன்."

வேலுத்தாய் மடியிலிருந்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள்.

"கூப்பிடுங்கய்யா. அந்தக்கா மேல ஒரு குத்தமும் இல்ல. நானும் முந்தி வேற மில்லுல நூல் ஓட்டுனவதான். எம்மவளும் காப்பகத்துலதான் கெடந்தா. நானும் தினம் சீனி குடுத்துவிட்டேன். ஒரு நா அழுததில்ல."

"அப்படிச் சொல்லு! ஒம் பிள்ளை மட்டும் நிம்மதியாத் தூங்கணும், எங்க பிள்ளைக அழணுமாக்கும்?" என்றாள் கருத்தம்மா.

"மூணு வயசுல பல்லு அம்புட்டும் சொத்தையாகி, சீழ் வச்சு, கன்னம் வீங்கி, அழாத அழுகையெல்லாம் சேத்து வச்சு அழுதா யக்கா. அதக் கேட்டவளுக்கு இதெல்லாம் ஒரு அழுகையா?"