தூர்ந்துபோன துளை

மாஸ்க்கைக் கழற்றாமலேயே சாப்பிட உட்கார்ந்தான் அருண்பிரசாத்.

"அதப் போட்டுக்கிட்டு எப்புடிடா சோறு திம்ப?" என்றார் அப்பா யோகராஜ்.

வேறு வழியில்லை. கழற்றினான். மூக்கில் பொட்டு போல ஒரு மூக்குத்தி மின்னியது.

யோகராஜின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

போர்ட் பிளேரிலிருந்து பெரார்கஞ்ச் வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் ஒத்திகை பார்த்த பேச்சை எடுக்க அருண்பிரசாத் வாயைத் திறந்தான்.

"என்னடா அது?"

"மூக்குத்திப்பா. ஃபீனிக்ஸ் பே ஜெட்டில எங்க கப்பல் பசங்க பாதிப் பேரு போட்டிருக்காங்க. இப்ப இதெல்லாம் சகஜம்."

"கழட்டு."

"டியூட்டில கழட்டி வெச்சிருவேன்பா. கப்பல்ல ஏறினா இது இருக்காது. லீவுல மட்டும்தான். டீக் ஹை? சரிதான?"

"பஸ், போதும். பேசாத. கழட்டுன்னா கழட்டு."

அம்மா தன் பக்கம் பேசுவாள் என்று நம்பி வந்திருந்தான். ஜெயராணியோ ரசக் கிண்ணத்தோடு அடுப்படி வாசலிலேயே நின்று, மகனின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

அருண்பிரசாத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சம்பாதிக்கிற பிள்ளையை இப்படியா அதட்டுவது?

"ஊரு சிரிக்குமேன்னு பயம். அதான ஒங்களுக்கு? பெத்த மகனவிட ஊரு பெருசு."

யோகராஜ் விருட்டென்று எழுந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று அவன் ஒதுங்கினான். அவரோ கை கழுவப் பின்பக்கம் போனார். சோறு அப்படியே கிடந்தது.

"நீயாவது சொல்லேம்மா."

"குத்துனவன் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள் ஜெயராணி.

"இங்க ஏற்கனவே ஓட்ட போட்டுத் தூர்ந்திருக்கு, அதே எடத்துல குத்திரலாம்னான். சின்ன வயசுல ஏதோ காயம் போலன்னு நெனச்சேன்."

"காயமில்ல." கிண்ணத்தை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாங்க அப்ப இருந்த கச்சால் தீவுல ஒங்கக்காவ சுனாமி கொண்டு போச்சு. அதுக்கப்பறம் நீ பொறந்த. ஒங்கப்பாதான் ஒன்னயத் தவுட்டுக்கு வித்து, திருப்பி வாங்கி, மூக்கு குத்தி விட்டாரு. யாருக்கும் வேண்டாத புள்ளன்னு எமன் விட்டுட்டுப் போவட்டும்னு."

சுவரில் மாலையோடு அக்காவின் படம். பிறந்ததிலிருந்து அவன் பார்க்கிற படம்தான்.

"இங்க வந்தப்ப எல்லாரும் சிரிச்சாங்க. பெங்காலிக்காரங்க, நம்மாளுங்க, எல்லாருந்தான். லட்காவா லட்கியா, பையனா பொண்ணான்னு கேப்பாங்க. அவரு காதுலயே வாங்கிக்க மாட்டாரு. தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு பஜார் பூரா நடப்பாரு. இனி பயமில்லன்னு ஒனக்கு மூணு வயசுலதான் கழட்டுனாரு. அன்னைக்குத்தான் மனுசன் நிம்மதியாத் தூங்குனது. இப்ப மறுபடி அதப் பாத்தா அந்தப் பயம் திரும்ப வராதா?"

சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது? அருண்பிரசாத் மூக்குத்தியின் திருகைத் தேடினான்.

"கழட்டிர்றேன்பா."

யோகராஜ் ஈரக்கையோடு கதவருகே நின்றிருந்தார். கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

"வீட்டுல வேணா கழட்டு," என்றார். "கப்பல்ல ஏறும்போது மட்டும் கழட்டிராதடா."