ஊதிக் காட்டியவர்கள்

அன்று வரிசையில் நின்றவர்கள் பதினேழு பேரா, பதினெட்டா என்று இப்போது கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருவர் மூச்சிலும் புகை இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனித் தொழிலாளர்களைப் பீடியை விட வைக்கும் திட்டத்தை டேனியல் ஆறு மாதமாக நடத்திக்கொண்டிருந்தான். தேறினால் இன்னும் பத்துக் கம்பெனிகளுக்குப் போகும். தேறாவிட்டால் இந்த மாதத்தோடு திட்டமும் இல்லை, அவன் வேலையும் இல்லை.

மதிப்பிட வந்த கீதாஞ்சலி, விதிப்படி அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனாள். ஆள்களை நிறுத்தி வைத்திருந்தவர் மேனேஜர் மருதாசலம்; வெளிநாட்டுக்காரர்களின் ஆடிட் இருபதைப் பார்த்தவர்.

"ரத்தினசாமி" என்று பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டாள். யாரும் அசையவில்லை. மருதாசலம் கனைத்ததும் ஒருவர் துள்ளிக்கொண்டு வந்தார்.

மூச்சில் புகை இருந்தால் எண் காட்டும் கருவியில் ஊதினார். பூச்சியம்.

"எத்தனை வருஷம் பீடி குடிச்சீங்க?"

"பத்து வருசமுங்க."

"விட்டப்போ கஷ்டமா இருந்துச்சா?"

"ஒண்ணுமே தெரியலீங்க."

அடுத்தவர் சுடலை. பெயர் திருநெல்வேலி, பேச்சு அச்சு அசல் பக்கத்துப் பொங்கலூர். அவருக்கும் பத்து வருசமுங்க, அவருக்கும் ஒண்ணுமே தெரியலீங்க.

கீதாஞ்சலி தன் பேனாவை நீட்டினாள். "இதான் பீடின்னு வெச்சுக்குங்க. எப்படிக் குடிப்பீங்க?"

சுடலை அதை ஐந்து விரலாலும் பிடித்து, இளநீர் குடிப்பதுபோல் உறிஞ்சினார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவள் வெளியே வந்ததும் டேனியல் ஓடிவந்தான். "எல்லாரும் பாஸுங்களா மேடம்?"

"பொறந்ததுலேர்ந்தே பாஸ். பீடியைத் தொட்டே பாக்காத ஆளுங்களைச் சேத்து வெச்சு யாரை ஏமாத்தறீங்க?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "பொய்யில்லீங்க மேடம். ரத்தினசாமியண்ணன் முதல் வாரம் பீடி கேட்டு அழுதாருங்க. ஆறு மாசமா ஒண்ணுகூடத் தொடலீங்க. நான் கூடவே உக்காந்திருந்தனுங்க."

கீதாஞ்சலி மதிப்பீட்டுத் தாளை எடுத்தாள். 'நிறுத்தலாம்' என்று எழுதப் பேனாவைத் திறந்தாள்.

அதற்குள் டீயோடு வந்த மருதாசலம் டேனியலின் காதோரம் குனிந்தார். மெஷின் சத்தத்திலேயே காலம் தள்ளியவர். அவர் ரகசியம் சொன்னால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"மூஞ்சியத் தொங்கப் போடாத கண்ணு. ஆடிட்டுல எங் கம்பெனி என்னைக்கு மாட்டியிருக்குது? உன் லிஸ்டுல இருந்த அத்தனை பீடிக்காரங்களையும் காலையிலயே வேன்ல ஏத்தி வெள்ளகோவிலுக்கு அனுப்பிட்டேன்!"